டிஸ்பென்சர் அண்ணையும் ஐந்து தோட்டாக்களும்

ஒரு வேலையைத் தொடங்குவதில் டிஸ்பென்சர் அண்ணையை வெல்ல இந்த மொன்றியல் மாநகரத்தில் எவரும் பிறக்கவில்லை, விமானத்தில் வந்து இறங்கவும் இல்லை. முடிப்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்களெல்லாம் ஒன்றை இன்றைக்குத் தொடங்கி நாளைக்கு அரைகுறையாக முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவுகிற ஆட்கள். அண்ணை தேத்தண்ணி போடத் தொடங்கினால் முதலில் கேத்தலைக் கழுவுவார். பிறகு கழுவிய தண்ணீரை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு தேயிலைப் பெட்டியில் திகதியைத் தேடுவார். அதற்குள் நான் கீழே இருக்கிற டெப்பனருக்குப் போய், அந்த மூலைக்கடையில் ஒரு கோப்பி வாங்கிக் குடித்து, கோப்பையையும் எறிந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். அவர் அப்போதும் திகதியை வாசித்துக்கொண்டிருப்பார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது கோட்-டெ-நெய்ஜில் அவருடைய அடுக்குமாடிக் கட்டடத்தின் கடிதப் பெட்டியில் மட்டும் வாழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இருபது வருடம் மருந்து நிறுத்துக் கலந்து கொடுத்தவர். அந்த வேலைக்கு அங்கே டிஸ்பென்சர் என்று பெயர். மொன்றியலுக்கு வந்தபிறகு சென்ட் லோரன்டில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் நிலம் கூட்டினார். ஒருநாள் பெட்டி அடைக்கிற மெஷினுக்குக் கீழே கிடந்த மூன்று மாத்திரைகளைப் பொறுக்கி, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதிலே ஒன்று பாரம் குறைவு என்று மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நிறுத்துப் பார்த்தார்கள். குறைவுதான். அண்ணைக்குப் பதவி உயர்வு கிடைத்ததா என்று கேட்காதீர்கள். அவரை வேறு மாடிக்குக் கூட்ட அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவர் அந்த மெஷினைத் திருத்துகிற ழில் என்ற கியூபெக்காரர். அறுபதைத் தாண்டிய மனிதர், பெரிய வயிறு, அந்த வயிற்றை நம்பாமல் தோளில் மாட்டிய காற்சட்டைப் பட்டி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டில் வீடு. அவரிடம் தகப்பன் விட்டுப்போன வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. அந்தத் துவக்குக்குரிய தோட்டாவைச் செய்வதைக் கம்பனிகள் நிறுத்தி எவ்வளவோ காலம். ஆனால் தகப்பன் தான் சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை எறியாமல் ஒரு பிஸ்கட் தகரத்தில் சேர்த்து வைத்திருந்தார். கோது இருந்தால் அதன் அடியில் பொறி தட்டுகிற புதிய கேப்பு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்தி மறுபடி தோட்டா ஆக்கலாமாம். இங்கே உரிமப் பத்திரம் உள்ள வேட்டைக்காரர் பலர் தங்கள் வீட்டு நிலவறையிலேயே செய்கிற வேலை. ஆனால் ழிலின் துவக்கின் வயதுக்கு ஏற்ற கருவிகள் கடையில் இல்லை; பழசாகத்தான் தேடிப் பிடிக்கவேண்டும். போதாததற்கு ழிலின் ஒரு கண்ணில் புகைபடியத் தொடங்கியிருந்தது. தராசின் கோடுகளை வாசிக்க அவரால் முடியாது. நிறுக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும்.

"அண்ணை, உங்களுக்கு விசரோ?" என்று நான் கேட்டேன். "துவக்கும் வேண்டாம் சன்னமும் வேண்டாம் எண்டு ஓடி வந்த ஆக்கள் நாங்கள்."

"தம்பி, இருபது வருசமா உடம்புகளிலை இருந்து சன்னம் எடுக்கிறதுக்குப் பக்கத்திலை நிண்டு உதவினவன் நான். துவக்கை நான் தொடமாட்டன். அது அவன்ரை பாடு. ஆனா இந்த ஊருக்கு வந்து எட்டு வருசம். என்னட்டை ஒரு சாமானை நிறுத்துத் தா எண்டு கேட்ட முதல் ஆள் அவன்தான்."

என்னிடம் ஒரு கார் இருந்தது. அண்ணைக்குக் கார் ஓடத் தெரியாது. அதைத் தொடங்கி ஐந்து வருடமாகப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ழில் கண் காரணமாகப் பெரிய தெருவில் கார் ஓடுவதை விட்டுவிட்டார். இப்படித்தான் இரண்டாயிரங்களின் நடுவிலே என்னுடைய நாலு வருடச் சனிக்கிழமைகள் தொலைந்தன. இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வருகிறது.

அந்தக் காலத்தில் கைத்தொலைபேசியில் படம் அனுப்பிப் பொருள் பார்க்கிற வசதி கிடையாது. விளம்பரத்தைப் பார்த்தால் நேரே போகவேண்டும். பனி உருகியதும் கியூபெக்காரர் தங்கள் வீட்டுப் பழசுகளை எல்லாம் முற்றத்தில் பரப்பி விற்பார்கள். ஒரு முற்றத்துப் பழைய சப்பாத்துக்கும் உடைந்த விளக்குக்கும் நடுவில் நாங்கள் தேடிய, தோட்டா அமத்துகிற பிறெஸ் இருந்தது. ஒரு முழ உயரம், தனி வார்ப்பிரும்பு, பக்கத்தில் நீளமான கைபிடி. கைபிடியை அமத்தினால் உள்ளே ஒரு தண்டு மேலெழும்பி கோதை அச்சுக்குள் தள்ளும்.

அண்ணை முழங்காலில் இருந்து அதை மேய்ந்தார். கைபிடியை நாற்பது தரம் அமத்தினார், நான் எண்ணினேன். காதை வைத்துக் கேட்டார். பொக்கற்றிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து உள்ளே துடைத்து, அந்த அழுக்கை மணந்து பார்த்தார். ஒரு மணித்தியாலம் போனது. வீட்டுக்காரர் பொறுமை இழந்து, "ஐயா, இதை வாங்கப் போகிறீர்களா, கலியாணம் கட்டப் போகிறீர்களா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை கோபிக்கவில்லை. "கலியாணத்துக்கு நான் இவ்வளவு பாக்கேல்லை எண்டு சொல்லும்" என்றார்.

அந்தக் கிழமை ழில் ஊரில் இல்லை. பிறெஸை என் வீட்டு இரண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மொன்றியல் வீடுகளின் வெளிப்படிகள் சுருண்டு சுருண்டு மேலே போகிறவை. அதைக் கட்டியவன் ஒருநாளும் வார்ப்பிரும்பு தூக்கியிருக்க மாட்டான். அண்ணை பின்னாலே வந்து, "மெல்ல, மெல்ல, அடிபட்டுப் போம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறெஸைத்தான் சொன்னார்.

அதைச் சமையலறை மேசையில் வைத்ததும் என் மனைவியின் முகம் மலர்ந்தது. "இஞ்சாருங்கோ, இவ்வளவு பெரிய இடியப்ப உரல் நான் கண்டதே இல்லை. கை நோகாது போல. அச்சு எங்கை?"

அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "பாத்தீரே தம்பி! உம்மை விடத் தங்கச்சிக்குத்தான் விசயம் விளங்குது. அச்சு இன்னும் கிடைக்கேல்லை, தங்கச்சி. தேடுறம்."

"அச்சில்லாமல் ஏன் அண்ணை வாங்கினனீங்கள்?"

"அச்சு பேந்து வரும். முதல் உரல் திறமா இருக்கவேணும்."

அவள் அன்று பின்னேரமே அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, மா வாளிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிவிட்டாள். மூன்றாம் நாள்தான் எனக்கு உண்மையைச் சொல்லத் துணிவு வந்தது. அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. தோட்டா என்றதற்காக அல்ல, இடியப்பம் இல்லை என்றதற்காக. அண்ணைக்கு வேறொரு கவலை. தேங்காயெண்ணெய் பூசிய பிறெஸை மண்ணெண்ணெயால் துடைத்து மறுபடி காயவைக்க அவருக்கு ஒரு மாதம் தேவைப்பட்டது.

பிறகு புத்தகம். எந்தத் தோட்டாவுக்கு எந்த வெடிமருந்து, எவ்வளவு என்று சொல்கிற அச்சடித்த புத்தகம் இல்லாமல் ஒரு திருகாணியும் பூட்டமாட்டேன் என்று அண்ணை சொல்லிவிட்டார். ழிலிடம் ஒன்று இருந்தது. அதில் பதினெட்டுப் பக்கங்கள் கிழிந்திருந்தன. எங்களுக்கு வேண்டிய பக்கம் இருக்கிறதே என்று நான் வாதாடினேன். "கிழிஞ்ச பக்கத்திலை, இந்தப் பக்கத்தை நம்பாதே எண்டு எழுதியிருந்தால்?" என்று கேட்டார். முழுப் புத்தகம் கிடைத்ததும் ஒரு பனிக்காலம் முழுவதும் அகராதியோடு இருந்து அதைத் தமிழில் மூன்று தடித்த அட்டைச் சீ.ஆர். கொப்பிகளில் எழுதினார். சிவப்பு மையால் எச்சரிக்கைகள். மூன்றாவது கொப்பி முழுவதும் சிவப்பாகவே இருந்தது.

அச்சு கிடைத்தது கிழக்கே இரண்டு மணித்தியால ஓட்டத்தில், ஒரு கிழவரின் மாட்டுக் கொட்டகையில். அண்ணை பூதக்கண்ணாடியால் பார்த்து, உள்ளே எள்ளளவு துரு இருக்கிறது, வேண்டாம் என்றார். திரும்பி வந்தோம். ஒரு மாதம் கழித்து மறுபடி அங்கே போகவேண்டும் என்று நின்றார்.

"ஏன் அண்ணை? துரு எண்டியள்?"

"ஓம். அது கூடியிருக்கோ எண்டு பாக்கவேணும். கூடியிருந்தால் கூடாத இரும்பு. கூடாமல் இருந்தால் நல்ல இரும்பு."

கூடியிருக்கவில்லை. வாங்கினார். கிழவர் எங்களுக்குப் பட்டாணிச் சூப் தந்தார். அண்ணை சைவம் என்பதால் அதிலிருந்த பன்றி இறைச்சித் துண்டுகளைக் கரண்டியால் ஒவ்வொன்றாக என் கோப்பைக்கு மாற்றினார். அதையும் அளந்துதான் மாற்றினார் என்று நினைக்கிறேன்.

தராசு விடயத்தில் மூன்று பழைய தராசுகள் தோற்றன. நாலாவது, ஒரு நகைக்கடைக்காரர் கைவிட்டது, தேறியது. ழிலின் நிலவறையில் அதைச் சோதித்த சனிக்கிழமையை நான் மறக்கமாட்டேன். யன்னலை மூடச் சொன்னார். வீட்டைச் சூடாக்குகிற இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். வெளியே மாசி மாதக் குளிர். பிறகு ழிலைப் பார்த்து, "ழில், பா றெஸ்பிரே!" என்றார். மூச்சு விடாதே என்று அர்த்தம். அந்தப் பெரிய மனிதர் கன்னம் இரண்டையும் ஊதிப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்க, கையைக் கட்டி நின்றார். தராசின் முள் ஆடி ஓயும் மட்டும் நின்றார். என்னிடம் அண்ணை அப்படிக் கேட்கவில்லை. நான் எப்போதோ மூச்சை விட்டுப் பெருமூச்சுக்கு வந்திருந்தேன்.

இவ்வளவும் போதாதென்று ஊர்க்கதை வேறு. ஒருநாள் கோட்-டெ-நெய்ஜில் ஒரு தமிழ்க் கடையில், கத்தரிக்காயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அண்ணை வரிசையின் முன்னாலிருந்து பின்னால் நின்ற எனக்கு உரத்துச் சொன்னார்: "தம்பி, பிறெஸ் பூட்டியாச்சு. அச்சு வந்திட்டுது. இனி வெடிமருந்துதான் பாக்கி!"

வரிசையில் பதினொரு பேர் நின்றார்கள். ஊரிலே சண்டை மறுபடி மூண்டிருந்த காலம். அடுத்த ஞாயிறு ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனோம். நாங்கள் உட்கார்ந்ததும் பக்கத்து மேசை மெல்ல எழும்பி வேறு இடம் பார்த்தது. மறுபக்கத்தில் எங்கள் தட்டுகளுக்கு மட்டும் வடை கூடுதலாக வந்தது. ஒருவர் வந்து அண்ணையின் கையை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார்.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். எங்களுக்கு எல்லாம் தெரியும்."

"ஓம், மானுக்குத்தான்" என்றார் அண்ணை.

வந்தவர் கண்ணைச் சிமிட்டினார். "ஓமோம், மானுக்குத்தான். மானுக்குத்தான்." கண் கலங்கப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது அண்ணை காரில் நெடுநேரம் யோசித்தார். "தம்பி, எங்கடை ஆக்களுக்கு மான் வேட்டையிலை இவ்வளவு பற்று இருக்கெண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது." அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் கோவில் பக்கம் தலைகாட்டவில்லை. ஒவ்வொருவராகப் பிடித்து, மான் என்றால் மான்தான் என்று விளக்கிக் களைத்துவிட்டேன். விளக்க விளக்க நம்பாதவர்களின் தொகை கூடியது.

நாலாவது வருட ஐப்பசியில் ழில் கண் வைத்தியரிடம் போய் வந்தார். மற்றக் கண்ணிலும் தொடங்கிவிட்டது. அடுத்த வருடம் முதல் அவர் கார் ஓடவோ துவக்கைத் தொடவோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மான் வேட்டை கார்த்திகையில் இரண்டு கிழமைதான். ஆக, தகப்பனின் துவக்கோடு காட்டுக்குப் போக ழிலுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கார்த்திகை.

கோதுகள் மினுங்கிக்கொண்டு இருந்தன. பிறெஸ், அச்சு, தராசு எல்லாம் தயார். வெடிமருந்து மட்டும் இல்லை. புத்தகத்தில் சொன்ன வகை கடையில் முடிந்துவிட்டது. சொல்லி வைத்திருந்தோம், வரவில்லை. வேட்டைக்கு மூன்று கிழமை இருக்கும்போது ழில் ஒரு தகரத்தைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு நிலவறைக்குள் வந்தார். இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு விதவை, செத்துப்போன தன் கணவனின் சாமான்களோடு இதையும் கொடுத்தாளாம். எங்களுக்கு வேண்டிய அதே வகை. லேபல் புதிது போல இருந்தது. தகரம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

அண்ணை தகரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மூடி திறந்திருக்கு."

"அவர் பாவித்திருக்கிறார். முப்பது வருடம் எனக்குத் தெரிந்த மனிதர். நேர்மையானவர்" என்றார் ழில்.

"மனுசனை நான் சந்தேகப்படேல்லை எண்டு சொல்லும் தம்பி. தகரத்தைத்தான். இதுக்குள்ளை வேறை எதையும் கொட்டி வைச்சாரோ தெரியாது. இது வேண்டாம்."

நான் மொழிபெயர்த்தேன். ழிலின் முகம் மாறியது. கியூபெக்காரர் கோபம் வந்தால் தேவாலயத்துச் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். அன்றைக்கு ழில் ஒரு முழுப் பூசைக்கு வேண்டிய அத்தனை சாமான்களையும் சொல்லி முடித்தார். பிறகு குரல் உடைந்து, "எனக்கு இந்த வருடம்தான் இருக்கிறது, உனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்கும் பொறுக்கவில்லை. நாலு வருட அலுப்பும் ஒன்றாக வாயில் வந்தது. "அண்ணை, எவ்வளவு காலம் இப்பிடித் தொடங்கிக்கொண்டே இருப்பியள்? இது அந்த மனுசனுக்குக் கடைசி வருசம். ஒருக்கால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோவன்!"

அண்ணை தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார். "ஒருக்கால் கண்ணை மூடினனான், தம்பி. இதை அவனுக்குச் சொல்லும்." பிறகு தமிழில் சொன்னார், நான் பிரெஞ்சில் சொன்னேன். ஊரிலே மருந்துக்குத் தட்டுப்பாடான நேரம். வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு போத்தல் வந்தது. மூடி திறந்தது, லேபல் சரி. வாசலில் நாற்பது பேர். இருமலுக்கு வந்த ஒரு மனுசிக்கு அண்ணை அதிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். சந்தையில் மரக்கறி கூவி விற்கிற மனுசி. போத்தலுக்குள் இருந்தது வேறு. தொண்டை வெந்துவிட்டது. "உயிர் தப்பினது. குரல் போட்டுது. பேந்து நான் சந்தைக்குப் போகேக்கை அவ கையைக் காட்டிக் காட்டித்தான் வித்தவ. என்னை ஒருநாளும் பேசேல்லை. பேசினால்தானே கேக்கிறதுக்கு." தகரத்தைத் தடவினார். "லேபலை நம்பி நான் இனி ஒருத்தருக்கும் ஒண்டும் நிறுக்கமாட்டன்."

ழில் படியேறி மேலே போய்விட்டார். பழக்கதோசத்தில் நிலவறை விளக்கையும் அணைத்துவிட்டுப் போனார். சின்ன யன்னல் வெளிச்சத்தில் நானும் அண்ணையும் எங்கள் சப்பாத்துகளைத் தேடிப் போட்டுக்கொண்டோம்.

அந்தத் தகரத்தை நகரசபை ஆபத்தான பொருள் சேர்க்கிற இடத்தில் ஒப்படைத்தோம். உள்ளே இருந்தது சரியான மருந்தா பிழையான மருந்தா என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. பிழை என்று தெரிந்திருந்தால் அண்ணை கெட்டிக்காரர் ஆகியிருப்பார். அந்தப் புண்ணியமும் அவருக்குக் கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் ழில் சாப்பாட்டு மேசையை மாற்றிக்கொண்டார். அண்ணை தனியே இருந்து தன் புட்டைச் சாப்பிட்டார். வேட்டைக்காலம் தொடங்கியது. ழில் வேறு துவக்குக் கேட்டுப் போகவும் இல்லை. தகப்பனின் துவக்கைத் துடைத்துச் சுவரில் சாத்திவிட்டு வீட்டிலேயே இருந்தாராம்.

சொல்லி வைத்த வெடிமருந்து, மூடி உடையாத புதுத் தகரம், வேட்டைக்காலம் முடிந்து மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது.

நான் ழிலுக்கு அழைத்துச் சொன்னேன். "சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

அன்றைக்கு நிலவறையில் அண்ணை கோதுகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்துப் பார்த்து ஒதுக்கினார். மயிர் போன்ற வெடிப்பு உள்ளதெல்லாம் போக ஐந்து மிஞ்சின. ஒவ்வொன்றுக்கும் மூன்று தரம் நிறுத்தார். ழில் கேட்காமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் கைபிடியை ழில் அமத்தினார். ஐந்து தோட்டாக்கள். நாலு வருடத்தில் ஐந்து. நான் வாங்கில் சாய்ந்து நித்திரையாகிவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை.

மான் இல்லாதபடியால், ழில் அங்கத்தவராக இருந்த ஒரு சுடுகழகத்துக்குப் போனோம். வயல்வெளிக்கு நடுவே ஒரு நீளக் கொட்டகை, தூரத்தில் மண் அணை, அதற்கு முன்னால் காகித இலக்குகள். கழகத்து மேற்பார்வையாளர் ழிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நான் ழிலுக்கு மற்றப் பக்கத்தில் நின்றேன். அண்ணையைச் சுடுகிற கோட்டுக்குப் பின்னால் விட்டார்கள். அவர் குரங்குத் தொப்பிக்கு மேல் காதடைப்பான் மாட்டி, அதற்கு மேல் இரண்டு கைகளையும் வைத்து அமத்தி, கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்.

முதல் வெடி கொட்டகையை உலுப்பியது. நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணையின் உதடு அசைந்துகொண்டிருந்தது. தேவாரம் சொன்னாரோ, நிறையைத் திரும்பக் கணக்குப் பார்த்தாரோ தெரியாது. ழில் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு துவக்கின் பின்பக்கத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தும் ஒழுங்காக வெடித்தன. ஒன்றும் பிசகவில்லை.

துவக்கைத் திறந்து வைத்து, எல்லாரும் கோட்டைக் கடக்கலாம் என்று மேற்பார்வையாளர் சைகை காட்டினார். "எங்கே பட்டிருக்கிறது என்று போய்ப் பார்த்துச் சொல்லச் சொல்லு" என்றார் ழில், அண்ணையைக் காட்டி. அவருக்கு இலக்கே ஒரு வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்திருக்கும்.

அண்ணை பனியில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எங்கள் ஆட்களில் வேறு யாராயிருந்தாலும் ஒரு நல்ல பொய் சொல்லியிருப்பார்கள். "இவன்ரை காயிதத்திலை ஒண்டும் இல்லை எண்டு சொல்லும் தம்பி. பக்கத்து ஆளின்ரை காயிதத்திலை ரெண்டு கூட இருக்கு."

ழில் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அப்பா சுடும்போது இதே சத்தம்தான்" என்றார். "இதே மணம்தான். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தேன்."

அண்ணை அவரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "என்னாலைதான் உன்ரை மான் போனது, ழில். எனக்கு அது வடிவாத் தெரியும்."

நான் சொல்வதற்கு முன்பே ழிலுக்கு விளங்கிவிட்டது. அவர் தலையை ஆட்டினார், கையை நீட்டினார். குலுக்குவதற்குத்தான் நீட்டினார். அண்ணை அந்தக் கையிலிருந்து கையுறையைக் கழற்றினார். மற்றக் கையையும் பிடித்துக் கழற்றினார். பிறகு ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார். "அன், டூ, துறுவா..." ழில் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற நோயாளி போல ஆடாமல் நின்றார். பத்து வந்ததும் அண்ணை அவருடைய கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, இரண்டு கண்களையும் கிட்ட நின்று பார்த்தார். நல்ல கண், புகைபடிந்த கண், இரண்டையும். இரண்டுக்கும் காயம் இல்லை. அப்போதுதான் அவர் மூச்சை விட்டார். நாலு வருடமாகப் பிடித்து வைத்திருந்தது போல ஒரு மூச்சு.

பிறகு என் பக்கம் திரும்பி, என் கையுறையையும் இழுத்துக் கழற்றினார்.

"அண்ணை, நான் சுடவே இல்லை."

"தெரியும். நீர் பக்கத்திலை நிண்டனீர்தானே."

ழிலுக்குப் பிரெஞ்சில் எண்ணியவர் எனக்குத் தமிழில் எண்ணினார். ஒண்டு, ரெண்டு, மூண்டு. நல்ல குளிர், விரல்கள் விறைத்துக்கொண்டு வந்தன. என் வாழ்க்கையில் அந்த மனிதர் செய்த வேலைகளிலேயே மிகவும் மெதுவான வேலை அதுதான். பத்து வருமட்டும் நான் கையை இழுக்கவில்லை.